கண் மஞ்சளாகாத செங்கண்மாரி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஒரு வகுப்பின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே நோயைப் பற்றிப் பேசுவதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. எங்கள் வகுப்புக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் விடுதிக் கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பில் இப்போது ஒருத்தி இல்லை. அவளுக்காகவே இந்த உரை. எங்களில் ஒருத்தி வைத்தியர், இருவர் தாதியர், ஒருத்தி ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள், மற்றவர்கள் ஆசிரியைகளும் குடும்பத் தலைவிகளும். எல்லோரும் கூடியிருந்து எழுதியதையே இங்கே வாசிக்கிறோம். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றுத்தான் பேசுகிறோம். அவளுடைய பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

ஒன்றுகூடல்களுக்கு வரும்போது அவள் கைப்பையில் ஓர் எவர்சில்வர் பேணி இருக்கும். தேநீரை அதில்தான் வாங்கிக் குடிப்பாள். சாப்பிட்ட கோப்பையையும் வேறு யாரும் தொடுவதற்கு முன் தானே கழுவித் துடைத்து வைத்துவிடுவாள். “பெரிய சுத்தக்காரி வந்திட்டா” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அது நன்றாக முற்றியிருந்தது. ஐந்து மாதத்தில் போய்விட்டாள். அந்தியேட்டி முடிந்த பிறகு அலுமாரியை ஒதுக்கிய தங்கை, சேலைகளுக்கு அடியில் பழைய கடிதம் ஒன்றைக் கண்டாள். இருபது ஆண்டுகளுக்கும் முன்பு ஓர் இரத்ததான முகாமில் அவள் இரத்தம் கொடுத்திருக்கிறாள். பரிசோதனை முடிவு பற்றிப் பேச நேரில் வரும்படி எழுதிய கடிதம் அது. அதனோடு மடித்திருந்த துண்டில் ‘ஹெபடைற்றிஸ் பி’ என்று எழுதியிருந்தது. ஒரு தடவை போயிருக்கிறாள். பிறகு போகவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். கலியாணம் பேசுகிற இடத்தில் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயந்திருப்பாள். அந்தப் பயம் எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் விளங்கும்.

தங்கை எங்களிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: “அக்காவைப் போல எத்தனை பேர் இருப்பினம்?”

அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதிலே இந்த உரை.

செங்கண்மாரி என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவை மஞ்சள் கண்ணும், கீழ்க்காய்நெல்லியும், உப்புப் புளி இல்லாத பத்தியமும்தான். கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பின்னால் இருக்கக்கூடிய ஈரல் அழற்சி வைரஸ்கள் பல. ஏ, ஈ என்ற இரண்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மாறிவிடும். பி, சி என்ற இரண்டும் வேறு சாதி. அவை இரத்தத்தால் பரவுபவை. பி வைரஸ் உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். இவை உடம்பில் தங்கிவிட்டால் கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது, பசி கெடாது. இருபது முப்பது ஆண்டுகள் ஓசைப்படாமல் இருந்து ஈரலைச் சுருக்கும். சிலருக்குப் புற்றுநோயாக்கும்.

ஆகவே ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று அறிய, வைத்தியசாலைக் கட்டில்களை எண்ணிப் பயனில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள். சுகமாக நடமாடுகிறவர்களின் இரத்தத்தைத்தான் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் 254 மில்லியன் பேர் பி வைரஸோடும், 50 மில்லியன் பேர் சி வைரஸோடும் வாழ்ந்தார்கள். பி உள்ளவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குத்தான் அது தங்களுக்கு இருப்பது தெரிந்திருந்தது. மற்ற எண்பத்தேழு பேரும் அறியாமல் இருந்தார்கள். எங்கள் தோழி அறிந்த பதின்மூன்று பேரில் ஒருத்தி. அறிந்தும் தனியே இருந்தவள்.

தன் மக்கள் எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்த ஒரு நாடு உண்டு. அது எகிப்து. அங்கே பரவியிருந்தது சி வைரஸ். ஆனாலும் அந்த நாட்டின் கதையில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நைல் நதியின் வாய்க்கால்களில் வாழும் நத்தைகள் வழியாகப் பரவும் ‘பில்ஹார்சியா’ என்ற புழு நோய் எகிப்தியக் கிராமங்களைப் பன்னெடுங்காலம் வாட்டியது. அதை ஒழிப்பதற்காக 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, ஊர் ஊராக மக்களை அழைத்து மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். ஒருவருக்கே பல ஊசிகள் வேண்டியிருந்தன. அப்போது கண்ணாடிச் சிறிஞ்சுகள். டிஸ்பென்சரியில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சிறிஞ்சு இங்கே உள்ள அக்காமாருக்கும் நினைவிருக்கும். வரிசை நீண்டபோது ஒரே ஊசி சரியாகக் கொதிக்காமலே பலருக்கு ஏறியது. புழு நோய் குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத வேறொன்று ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றியது. சி வைரஸ் இனங்காணப்பட்டதே 1989இல்தான். ஊசி போட்டவர்களுக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது.

2008இல் அந்நாட்டின் வீடுகளில் நடந்த ஆய்வில், 15 முதல் 59 வயது வரையானவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து பேருக்கு அந்தத் தொற்றின் அடையாளம் இரத்தத்தில் இருந்தது. பத்துப் பேரளவில் வைரஸ் அப்போதும் உயிரோடு இருந்தது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது. மறைப்பதற்கு அந்த நாட்டுக்குக் காரணம் இருந்தது. அது மறைக்கவில்லை.

சி வைரஸை முற்றாக நீக்கும் குளிசைகள் வந்தபோது, அமெரிக்காவில் பன்னிரண்டு வாரத்துக்கான ஒரு மருந்தின் விலை 84,000 டொலர். எகிப்து பேரம்பேசி 2014இல் அதை 900 டொலருக்கு வாங்கியது. பிறகு உள்நாட்டிலேயே தயாரித்து இன்னும் மலிவாக்கியது. 2018 ஒக்ரோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை ஏழே மாதத்தில், விரலில் ஒரு குத்து, ஒரு துளி இரத்தம் என்று ஏறக்குறைய 50 மில்லியன் வளர்ந்தவர்களைச் சோதித்தார்கள். 2.2 மில்லியன் பேருக்குத் தொற்றின் அடையாளம் தெரிந்தது. வைரஸ் உள்ளவர்களுக்கு அரசாங்கச் செலவில் மருந்து கொடுத்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம், சி வைரஸை ஒழிக்கும் பாதையில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடு என்று எகிப்தை அறிவித்தது.

எல்லோரும் வரிசையில் நின்றபோது, வரிசையில் நிற்பது வெட்கமாக இருக்கவில்லை. வாத்தியாரும் நின்றார், வயல்காரரும் நின்றார். எங்கள் தோழிக்குக் கிடைக்காமற் போனது அப்படி ஒரு வரிசைதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். இலங்கை பி, சி இரண்டுமே குறைவாக உள்ள நாடு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. பி வைரஸுக்கு நல்ல தடுப்பூசி உண்டு. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2003இலிருந்து அது சேர்க்கப்பட்டது. இன்று இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் அதுவும் இருக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காப்பு உண்டு. இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களில் பலர் அதற்கு முந்திப் பிறந்தவர்கள்.

பிறந்த வேளையிலோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ பி வைரஸ் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கும். கடிதத்தைக் கண்ட தங்கையும் சோதித்துப் பார்த்தாள். அவளுக்கும் இருந்தது. இருவருக்கும் தாயிடமிருந்தே வந்திருக்கவேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்க வழியில்லை. இதிலே யாருடைய ஒழுக்கத்தைக் குறை சொல்வது?

தங்கைக்கு ஈரல் இன்னும் பழுதாகவில்லை. நாளுக்கொரு குளிசை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும். அக்காவின் பெண்பிள்ளைகள் இருவருக்கும் தொற்று இல்லை, ஊசி போட்டுக்கொண்டார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை மூன்று.

ஒன்று, வாழ்நாளில் ஒரு தடவையாவது பி, சி இரண்டுக்கும் இரத்தம் சோதியுங்கள். அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இதையே பரிந்துரைக்கிறார்கள். லண்டனில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இரத்தம் எடுத்தால், வேண்டாம் என்று சொல்லாதவரை இவற்றையும் சேர்த்துச் சோதிக்கும் முறை 2022இல் தொடங்கியது. அங்கே இருக்கும் தோழிகள் ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள்.

இரண்டு, இருப்பது தெரிந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல் அவர்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது, எங்கள் எல்லோருக்கும் உரியது. சவரக் கத்தி, பல்துலக்கி, ஊசி ஆகியவற்றைப் பங்கிடக்கூடாது. ஆனால் பி வைரஸ் ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் வராது. ஒரே பேணியில் குடிப்பதால் வராது. கட்டிப்பிடிப்பதால் வராது. இருபது ஆண்டுகள் எங்கள் தோழி சுமந்து வந்த அந்தப் பேணி தேவையே இல்லை. அதை அவளுக்குச் சொல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. வகுப்பில் ஒரு வைத்தியரும் இரண்டு தாதியரும் இருந்தும், எங்களிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றும்படி நாங்கள் நடந்துகொள்ளவில்லை. இதை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இங்கே வந்தோம்.

சென்ற மாதம் எங்கள் வகுப்பு கூடியபோது அவளுடைய தங்கையையும் அழைத்திருந்தோம். வாசலிலேயே நின்று, “எனக்கு வேற கப் இருக்கோ?” என்று கேட்டாள். எங்களில் ஒருத்தி தான் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள்.