கந்தோர்ச் சுவரும் சுவாமி படமும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு மனக்கசப்பை உண்டாக்கலாம். அரசாங்கக் கந்தோர்களிலே சமயச் சின்னங்கள் இருக்கலாமா என்பதே அது. மிஷன் பாடசாலையிற் படித்த பிள்ளை இப்படித்தான் பேசும் என்று பெரியோர் எண்ணவேண்டாம். அங்கே காலைச் செபத்தின்போது நெற்றியிலே திருநீற்றுடன் வாய்திறவாது நின்ற அனுபவந்தான் நம்மைப் பேசத் தூண்டுகின்றது. அந்தப் பாடசாலை திருச்சபையின் சொந்த வீடு. செபம் நடத்துவது அவர்கள் உரிமை. கந்தோரோ எல்லாருடைய வரியிலும் எழுந்த வீடு.

அரசும் சமயமும் ஒன்றானால் என்னவாகும் என்பதை நம் ஊர் அனுபவித்தே அறிந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் ஆட்சியிலே ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் கிடைப்பது அரிது. தேவாலயமே பள்ளிக்கூடம், விவாகப் பதிவும் அங்கேதான். நம் முன்னோர் வெளியே கிறித்தவப் பெயர் தாங்கி, வீட்டிலே விரதச் சோறு உண்ட வாழையிலையை இறப்பிலே செருகி மறைத்தனர் என்று பாட்டிமார் சொல்வர். அப்படி வளர்த்த கிறித்தவம், ஆட்சி மாறியதும் பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று.

அப்பழைய தேவாலயம் இருந்த வளவுக்குத்தான், இதே பண்டத்தரிப்பிலே, 1820இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து சேர்ந்தார். வேடிக்கையைக் கேளுங்கள்: அவரை அனுப்பிய சங்கம் தோன்றிய மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே அப்பொழுதும் திருச்சபைக்காக வரி அறவிட்டார்கள்! அமெரிக்க அரசியலமைப்பின் 1791ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசாங்கத்தை மாத்திரமே கட்டுப்படுத்தியது. மசச்சூசெற்ஸ் அவ்வரியைக் கைவிட்டது 1833இலே. அந்த நாட்டிலே வழக்கு இன்னும் ஓயவில்லை. 2005இல் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்: கென்ரக்கி நீதிமன்றச் சுவர்களிலே பத்துக் கட்டளைகளைத் தொங்கவிடலாகாது, ரெக்சாஸ் சட்டசபை வளவிலே நெடுங்காலம் நின்ற கல் நிற்கலாம். இரண்டும் ஐந்துக்கு நான்கு. அவர்களுக்கே இத்தனை தடுமாற்றம்.

நம் நாட்டிலே சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமயத்தாருக்கும் தனிச்சலுகை தரும் சட்டத்தைத் தடைசெய்தது. 1972இல் அந்தக் காப்பு நீங்கிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. 1978இன் 9ஆம் உறுப்புரையும் அதையே சொல்லுகின்றது. அதற்கு முன்னரே, 1966 முதல் 1971 வரை, ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயாவை வாராந்த விடுமுறையாக்கிப் பார்த்தார்கள். இன்று தையிட்டியிலே தம் காணியில் விகாரை எழுந்துவிட்டதென்று காணிக்காரர் முறையிடுகின்றனர். நாமும் அவர்களோடு சேர்ந்து குரல் எழுப்புகிறோம், எழுப்பவே வேண்டும்.

ஆனால் நம் பக்கத்துக் கந்தோருக்குள்ளே நுழைந்து பாருங்கள். சுவரிலே பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி. நவராத்திரியில் வாணி விழா. அன்று சில கந்தோர்களிலே கோப்புகளும் விரதமிருக்கும்! சில்லாலையிலிருந்து பிறப்புப் பத்திரத்துக்கு வரும் கத்தோலிக்கத் தாய் அந்தப் படங்களின் கீழ் நின்று காத்திருக்கிறாள். அவளுடைய மனம் எப்படியிருக்கும் என்பது, காலைச் செபத்திலே நின்ற நமக்குச் சற்றுத் தெரியும்.

“அவர்கள் புத்தர் சிலையை வைக்க, நாம் பிள்ளையாரை எடுப்பதா?” என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். பாரமான கேள்விதான். சிறுபான்மையாருக்குச் சுவரிலே தொங்கும் ஒரு படமும் ஆறுதலே. ஆயினும் நமக்கு எண்ணிக்கை உள்ள இடத்திலே நாம் செய்வதைத்தானே அவர்கள் நாடெங்கும் செய்கிறார்கள்? நம் படத்தைக் காட்டி அவர்கள் வாயடைத்தால் என்ன பதில் சொல்வோம்? தமிழ்நாட்டிலே 1968இல் அண்ணாதுரை அரசாங்கம் கந்தோர்களிலிருந்து கடவுட் படங்களை அகற்றச் சுற்றறிக்கை விடுத்தது. ஆயுத பூசை அங்கே இன்னும் நடக்கிறது. சுற்றறிக்கையால் மாத்திரம் ஆகும் காரியமல்ல இது.

எழுதுவினைஞரின் நெற்றித் திருநீற்றையோ, அவர் சட்டைப்பையிலுள்ள படத்தையோ எவரும் தொடவேண்டாம், அவை அவருடையவை. சுவர் அவருடையதன்று.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருகிற நவராத்திரியில் வாணி விழாவை நம் மண்டபத்திலே நடத்துவோம். கந்தோர் உத்தியோகத்தர்களை வேலை முடிந்தபின் குடும்பத்தோடு வரும்படி அழைப்போம். சுண்டலும் அவலும் நம் செலவு.