விளக்கும் புத்தகமும் கேட்டவர்கள்



நான் சென்னையில் ரயில்வே குமாஸ்தா. ரயிலே இல்லாத தீவுக்கு என்னை அழைத்த செயலாளர், "ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, இங்கே நிலைக்கவும் வழியில்லை என்று நம் ஜனங்கள் மனம் ஒடிந்திருக்கிறார்கள். தெம்பாக நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். வெறும் வார்த்தை தெம்பு தராது. ஆகவே இந்த மண்ணில் நடந்ததையே சொல்கிறேன்.

2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை நிற்கிறது. அன்று அதற்கு ஏழு கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் அறைவாசல் அடுத்த கட்டடத்தின் முதுகைத்தான் பார்க்கும். ஒருவன் முகத்தை ஒருவன் காணக்கூடாது என்பதே திட்டம். தனித்துக் கிடப்பவன் தானாகவே ஒடிந்துபோவான் என்பது வெள்ளையன் போட்ட கணக்கு.

1933 மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். என்ன கேட்டார்கள்? தின்னத் தகுந்த உணவு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம், பத்திரிகை. பலவந்தமாகக் குழாய் வழியே பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் உயிர் துறந்தார்கள். மற்றவர்கள் தளரவில்லை. 46 நாள் போராட்டத்துக்குப் பின் விளக்கு வந்தது, புத்தகம் வந்தது, சிறை பள்ளிக்கூடமாயிற்று. 1937இல் மீண்டும் உண்ணாவிரதம். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் தாய்நாட்டுக் கரை சேர்ந்தார்கள்.

"அவர்கள் வீரர்கள், நாங்கள் கூலிக்காரர்கள்" என்பீர்கள். சரி, நம்மவர்களைப் பாருங்கள். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளரில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. பிறந்த மண் முன்பே போயிற்று. 2004 டிசம்பர் 26இல் கடலும் எழுந்து வந்தது. கச்சாலில் அடி மிகக் கடுமை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "எல்லாம் விதி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு உபதேசம் வேண்டாம். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், மனு எழுத ஒரு கை வேண்டும்.

கோயிலில் கும்பிடுங்கள், சர்ச்சில் ஜெபியுங்கள், பள்ளிவாசலில் தொழுங்கள். வெளியே வந்ததும் அடுத்த வீட்டான் முகத்தைப் பாருங்கள். அவன் பாட்டிலோடு தனியே கிடந்தால், வெள்ளையன் கட்டிய அறையில் தானே போய் அடைந்துகொண்டான் என்று அர்த்தம். கூப்பிட்டு வாருங்கள்.

வாரம் ஒரு மாலை சங்கத்தில் கூடுங்கள். ஒருவர் பத்திரிகை வாசிக்கட்டும், ஒருவர் மனு எழுதட்டும். இன்று இங்கே வராத குடும்பங்களின் பெயரை, கலைந்து போகுமுன் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.