அரை நிழலிலும் பூ பூக்கும்

வாசலில் வேப்பமரம் நிற்கிறது, காலையில் மூன்று மணி நேரம்தான் வெயில். பூச்செடி வருமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வரும். செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரோஜாவும் மல்லிகையும் நல்ல வெயில் கேட்பவை. நிழலில் பூ குறைந்துவிடும். அவற்றுக்குப் பதிலாக, சுவரை ஒட்டி நந்தியாவட்டை, அதன் முன்னால் கனகாம்பரம், ஓரத்தில் காசித்தும்பை என்று உயரம் பார்த்து நடுங்கள். கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் ஈரம் பட்டதும் காய் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். பக்கத்திலேயே கன்று தானாக முளைக்கும்.

மரவேர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் மண்ணில் மட்கிய தொழுவுரம் கலந்து, மேலே சருகு பரப்புங்கள். நடுவதற்கு முன், ஒருநாள் முழுக்க வெயில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.