பதினேழு பேருக்குப் பூ

 

ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணியில் பூத் தூவுகிறோம். 1999-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றில் விழுந்தவர்களில் பதினேழு பேர் பிணமாகத்தான் கரை சேர்ந்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தை. மோகன் ஆணையம் போலீஸ் செய்ததை நியாயம் என்றது. நாம் தூவுகிற பூவை ஆறு கொண்டுபோய்விடுகிறது. பூவைத் தாளில் வரைந்து நிறுத்திவைத்த நம் இனத்துப் பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மதுபனி ஓவியம் என்றால் உங்களுக்குத் தெரியும். 1966–67-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பெண்களுக்குப் பிழைப்பாக இருக்கட்டும் என்று கைவினை வாரியம் தாள் கொடுத்து வரையச் சொன்னது. முதலில் பேர் வாங்கியவர்கள் பிராமண, காயஸ்தப் பெண்கள். அவர்கள் ராமன் சீதையை வரைந்தார்கள். ஜித்வார்பூரின் துசாத் பெண்கள், தலித்துகள், எதை வரைவது? சானோ தேவி தன் இனத்துப் பெண்களின் உடம்பைப் பார்த்தார். கையிலும் காலிலும் பச்சை குத்திய பூவும் கொடியும் அங்கே இருந்தன. அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார். ‘கோத்னா’ என்றால் பச்சை குத்துவதுதான். தாளில் சாணிக் கரைசல் பூசி, விளக்குக் கரியில் மை கூட்டி, வரிசை வரிசையாகப் பூ. மற்ற நகையைப் பறித்துக்கொள்ளலாம், செத்தாலும் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று நம் பாட்டிமாரும் சொல்வார்கள்.

அந்தப் பூக்களுக்கு நடுவே யானைமேல் வருகிறவர் ராஜா சல்ஹேஷ், துசாத்துகளின் தெய்வம். அவரைக் காதலித்த பூக்காரப் பெண்கள்தான் மாலின்கள். அந்தக் காதல் கைகூடவில்லை. நேபாளத்தில் லஹான் பக்கம் சல்ஹேஷின் பூந்தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மரத்தில் வைசாகம் முதல் நாள், ஏறத்தாழ நம் சித்திரை ஒன்றாம் தேதி, மாலைபோல ஆர்க்கிட் பூக்கும். மாலின் போட்ட மாலை என்று ஜனம் திரண்டு போய்ப் பார்க்கும். எந்தப் புராணத்திலும் இடம் கிடைக்காத ஒரு பெண்ணின் துக்கத்தைத் துசாத் பெண்கள் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது, இங்கே பாபநாசம் மலைமேல். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் பிராமணன். வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்காமேல் ஆசைப்பட்டான். பகடை சும்மா பெண் கொடுக்கவில்லை. குடுமியை அறு, பூணூலை எடு, செருப்புத் தைத்துக் கொண்டுவா என்றார். அவனும் தைத்துக் கொண்டுவந்தான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்க சிங்கம்பட்டி ஜமீனிடம் அனுமதி கேட்டதாகக் கதை. உடன்கட்டையை நான் கும்பிட மாட்டேன், அது வேறு. ஆனால் அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் ஒட்டுப்போட்டார்களே, அதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை இதைப் பேசியிருக்கிறார். நம் பெண்ணை ஒருத்தன் நேசித்தான் என்பதைக்கூடப் பொறுக்க முடியவில்லை.

அதே சிங்கம்பட்டி ஜமீன்தான் 1929-இல் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை அப்படி வந்தது. 2024-இல் கம்பெனி தோட்டத்தை மூடி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. யாருடைய விருப்பம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தேயிலையும் பூக்கும். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள். கொழுந்து கிள்ளிக்கொண்டே இருப்பதால் தோட்டத்தில் அதிகம் பூக்க விடுவதில்லை. அந்தப் பூவின் வடிவம் நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே வேலை செய்த பெண்கள்தான். மலையிறங்கியவர்கள் இப்போது அடிவாரத்து ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த ஜூலைக்குள் மாணவர்கள் தாளும் மையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். வரைந்து தரச் சொல்லிக் கேளுங்கள், பதினேழு பூ. ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவோம்.