நுண்துளைக்குள் நீர்



வேதிவினையில் கரைப்பான் வெறும் மேடை. வினைப்பொருள்களே நடிகர்கள் என்பது நெடுநாளைய எண்ணம். உலோக-கரிமச் சட்டகங்கள் என்னும் நுண்துளைப் படிகங்களில் இவ்வெண்ணம் நில்லாது.

உலோக அணுக்களைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கழிகளாகவும் கொண்டு எழுப்பப்பெறும் கட்டடங்கள் இவை. ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு ஒடுங்கியிருப்பதுண்டு. இத்துறையை வளர்த்த சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவரும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

1999இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அறிவித்த செம்புச் சட்டகம் ஒன்றைக் காண்க. அதன் துளை ஏறத்தாழ 1 நானோமீட்டர் அகலமுடையது. இணை இணையாக நிற்கும் செம்பு அணுக்கள் ஒவ்வொன்றையும் ஒரு நீர் மூலக்கூறு பற்றியிருக்கும். வெற்றிடத்தில் சூடேற்றி அந்நீரை அகற்றினால் படிகம் நிறம் கறுத்துக் கருநீலமாகும். வெறுமையான அவ்விடமே வினையை ஊக்கும் இடம். ஆனால் டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பானை ஊற்றினால், அதன் ஆக்சிஜன் அணு முந்திச் சென்று செம்பைப் பற்றிக்கொள்ளும். வினைப்பொருள் வாயிலில் நிற்க நேரும். செம்பைப் பற்றாத கரைப்பானில் அத்தடை இல்லை.

இன்னொன்றும் உண்டு. குறுகிய துளையில் சில மூலக்கூறுகளே அடங்கும். ஒன்று நுழைய மற்றொன்று வெளியேற வேண்டும். வினைப்பொருளைக் கரைப்பான் மிகுதியாக விரும்பினால், அது துளைக்குள் வாராது வெளியிலேயே தங்கிவிடும்.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்னும் நரம்பு நஞ்சு மனித உயிர்களைப் பறித்தது. அவ்வினத்தைச் சேர்ந்த சோமன் என்னும் நஞ்சை, என்.யூ.-1000 என்னும் சிர்க்கோனியச் சட்டகம் நீர்க்கரைசலில் விரைந்து சிதைப்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நஞ்சின் பிணைப்பை அறுப்பது நீர். அவ்வெட்டை விரைவுபடுத்துவது சிர்க்கோனியம். செம்பிடம் வழிமறித்த நீர், இங்கே வினைக்கு இன்றியமையாத பங்காளி. ஆயினும் காப்புடை அணிந்தவரைச் சுற்றி நீர்க்குடம் இராது. காற்றின் ஈரம் மட்டுமே இருக்கும். அந்நிலையில் வினை மிகத் தளரும். துளைக்குள் போதிய நீரைத் தேக்கிவைப்பது எவ்வாறு என்பதே உயிர்காக்கும் வினா.

நிலமும் பொழுதும் பாட்டின் பின்னணி அல்ல, முதற்பொருள் என்றது தமிழ் இலக்கணம். கரைப்பானும் அத்தகையதே. வினையை அறிய விழைவோர் அது நிகழும் சூழலை முதலில் அறிதல் வேண்டும்.