இரண்டு கானாவாழைகள்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நீலப்பூப் பூத்துப் படரும் கானாவாழையை அறியாதவர் நம்மில் இல்லை. மாட்டுக்கு அறுத்துப் போடுகிறோம். சில வீடுகளில் கீரையாகவும் சமைப்பதுண்டு. ஆனால், அந்த ஒரே பெயரில் இரண்டு இனச் செடிகள் நம் நிலங்களில் நிற்கின்றன. ஒன்று காமெலினா பெங்காலென்சிஸ்; மற்றது காமெலினா டிஃப்யூசா. இரண்டின் பூவும் நீலம். காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே, பூவின் நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது.

முதலில் இலையைப் பாருங்கள். பெங்காலென்சிஸின் இலை அகன்று முட்டை வடிவில் இருக்கும். இலையுறையின் வாயில் செம்பழுப்பு நிற மயிர்கள் காணப்படும். டிஃப்யூசாவின் இலை ஈட்டிபோல் குறுகி நீண்டிருக்கும். பெரும்பாலும் மயிர் இராது.

அடுத்து, பூவைத் தாங்கும் பச்சை மடலைப் பாருங்கள். முன்னதில் ஓரங்கள் அடியில் ஒட்டிப் புனல்போல் இருக்கும். பின்னதில் ஒட்டாமல், மடித்த வெற்றிலைபோல் திறந்திருக்கும்.

முக்கியமான வேறுபாடு மண்ணுக்குள் உள்ளது. அகன்ற இலைச் செடியைக் கொத்தால் தோண்டி எடுங்கள். வெளிறிய தண்டுகள் மண்ணுக்குள் ஓடியிருக்கும். அவற்றில் வாய் திறவாத சிறு பூக்கள் தோன்றித் தாமே விதை கட்டுகின்றன. டிஃப்யூசாவில் இந்த நிலத்தடிப் பூக்கள் இல்லை.

இதனால் நமக்கென்ன? செடி முளைத்த சுமார் 6 வாரத்திலேயே மண்ணுக்குள் பூ தொடங்கிவிடும். மேலே பூ வர 8 முதல் 10 வாரம் ஆகலாம். நீலப்பூ கண்ணில் பட்ட பிறகு களையெடுத்தால், அதற்குள் விதை மண்ணில் சேர்ந்திருக்கும். மேலே அறுத்தெடுத்தாலும் அது உள்ளேயே தங்கிவிடும். கூலி செலவழித்தும் அடுத்த பருவத்தில் அதே களைதான்.

கிளைபோசேட்டும் இதை எளிதில் கொல்வதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அம்மருந்தைத் தாங்கும் பருத்தி பரவிய பின், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இச்செடி பருத்தி வயல்களின் பெருந்தொல்லையாயிற்று.

எனவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. அகன்ற இலைச் செடி கண்ட நிலத்தில், அது முளைத்த 6 வாரத்திற்குள் களையெடுப்பை முடியுங்கள். நிலக்கடலையில் விழுது இறங்கிய பின் மண்ணைக் கிளற இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2. கையால் இழுத்து அறுக்காமல், கொத்தால் நிலத்தடித் தண்டோடு தோண்டி எடுங்கள்.

3. இரண்டு இனங்களிலும் தண்டின் கணுக்கள் ஈர மண்ணில் வேர்விடும். ஆகவே, பிடுங்கியதை வரப்பிலோ வாய்க்காலிலோ போடாமல், களத்தில் பரப்பிச் சருகாகக் காயவிடுங்கள்.

4. விதை கட்டிய செடியை எருக்குழியில் போடாதீர்கள். விதை எருவோடு வயலுக்குத் திரும்பக்கூடும்.

அடுத்த களையெடுப்புக்கு ஆள் விடும் முன், ஒரே ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். உங்கள் நிலத்தில் இருப்பது எந்தக் கானாவாழை என்பதை அறிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.