மரத்தூள் அடுப்பின் சூடு

மரத்தூள் அடுப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் கேட்கிற குறை ஒன்றுதான்: எரிந்தால் கறி அடிப்பிடிக்கும், இல்லையென்றால் புகைந்து அணையும், நடுத்தரச் சூடு என்பதே கிடையாது. 2022 இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் மாவட்டத்திலும் சனம் ஒரு சிலிண்டருக்காக வரிசையில் நின்றது. பல வீடுகள் விறகுக்கும் தூளுக்கும் திரும்பின. அடுப்புச் சரியில்லை என்ற பேச்சும் கூடவே வந்தது. என்னைக் கேட்டால் குற்றம் அடுப்பில் இல்லை. இந்த அடுப்பின் சூடு முக்கால்வாசி நெருப்பு வைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பற்றிய பிறகு ஊதியும் விசிறியும் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஈரம் முழுக்கப் போகக் காய்ந்த மரம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் உண்டு. எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை மரம் ஒரு கிலோவில் எட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். அதில் பாதிதான் மரம். அந்தப் பாதி தரும் சூட்டிலும் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. மரக்காலையில் அள்ளும்போது பச்சைத் தூளும் காய்ந்த தூளும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் முற்றத்தில் பரப்பிவிட்டால் கவலையில்லை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிட்டால் காய்ந்த தூளே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 80 வீதத்தில் நின்றால், மரம் தன் காய்ந்த எடையில் 16 வீதம் அளவுக்குத் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். ஆடியில் ஒழுங்காக எரிந்த அடுப்பு கார்த்திகையில் பழுதாகிவிட்டது என்றால், முதலில் தூள் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கித் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் அது அடுப்புக்கு ஆகாது.

அடுத்தது இடிப்பு. நடுவில் போத்தலை நிறுத்தி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரே சீராக இறுக்க வேண்டும். பிறகு போத்தலை உருவினால் நடுவில் துளை நிற்கும். தளர்வாக இருந்தால் சுவர் சரிந்து துளையை மூடும், தீ புகையாக மாறும். துளை உள்ளிருந்து வெளியே எரிந்துகொண்டே அகலுகிறது, எரியும் பரப்பும் பெருகுகிறது. அதனால்தான் தேத்தண்ணிக்கு அளவாக இருந்த தீ கறி வைக்கும் நேரத்தில் மிஞ்சிப் போகிறது. அடுப்பின் கீழ்வாயில் செருகியிருக்கும் கொள்ளியை அப்போது மெல்ல வெளியே இழுக்க வேண்டும். பற்றிய பிறகு நம் கையில் இருக்கும் பிடி அந்தக் கொள்ளியும் அந்த வாயும்தான்.

வெளிநாட்டில் அமுக்கிய மரத்தூள் குச்சிகளை எரிக்கும் அடுப்புகள் தானாகவே சூட்டைச் சரிசெய்கின்றனவே, நம் தகர அடுப்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் கருவி அளப்பது அறையின் சூட்டைத்தான். அளந்து, குச்சி விழும் வேகத்தையும் விசிறியையும் கூட்டிக் குறைக்கிறது. அந்தக் குச்சிகளில் ஈரம் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. நனைந்தால் ஊதிப் பொடியாகி, குச்சியை உள்ளே தள்ளும் திருகுக் குழாயை அடைத்துவிடும், பிறகு எந்தக் கருவியாலும் பயனில்லை. பல இலட்ச ரூபாய் இயந்திரமும் காய்ந்த, சீரான எரிபொருளைத்தான் கேட்கிறது.

சூடு கூடினால் வாயை முழுக்க அடைத்துவிட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. அது ஆபத்து. போதிய காற்றில்லாமல் கனலும் தூள் காபன் மொனொக்சைட்டைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்குப் பயந்து கதவு யன்னலைச் சாத்திய குசினியில் அந்த வேலையே வேண்டாம். மெல்லிய சூட்டில் வற்ற வேண்டிய மீன்குழம்புக்கு, அடுப்பின் விளிம்பில் ஒரே உயரமான மூன்று கற்களை வைத்துச் சட்டியை இரண்டு விரல் உயர்த்துங்கள். தீ அதன் பாட்டுக்கு எரியட்டும்.